ஈஸ்ட் கோஸ்ட்டில் பனிச்சரிவு ஒத்திகை

காலை ஆறரை. அதற்குள் இருபத்தெட்டு டிகிரி.
ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் என் பீக்கனை வைத்து
துண்டு சுற்றி, மூடி, டேப் ஒட்டி
மணலில் இரண்டடி ஆழத்தில் புதைக்கிறேன்.
இன்று இந்த டப்பாதான் நான்.

நித்திலன் தென்னை மரத்தடியில்
முதுகைக் காட்டி நிற்கிறான்.
பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான்.
கூடாரத்திலிருந்து ஒரு சிறுவன்
அவனுடைய துழாவுகோலைப் பார்த்துவிட்டு
என்ன மீன் பிடிப்பீர்கள் என்கிறான்.

நேற்றிரவு வழிகாட்டி அனுப்பிய மலைநிலவரம்
கைப்பேசியில் இன்னும் திறந்தே கிடக்கிறது:
முதல் பனி. முழங்கால் வரை.
மூங்கில் புதர்கள் இன்னும் படியவில்லை, ஸ்கீ சிக்கும்.
ஓடைகள் மூடவில்லை; பாலம்போல் தெரிவதை மிதிக்காதீர்கள்.
வடசரிவில் அக்டோபரில் விழுந்தது
அடியில் சர்க்கரையாய் உதிர்ந்திருக்கிறது,
அதன்மேல் காற்று சுமந்துவந்து போட்ட பலகை.
கரடிகள் உறங்கப் போகவில்லை.
வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகே தாய் ஒன்று, குட்டி இரண்டு,
நேற்றைய தடம்.
மணி கட்டிக்கொள்ளுங்கள்.

மணி தேக்காவில் வாங்கியது.
பூஜைக்கா என்றார் கடைக்காரர்.
கரடிக்கு என்றேன்.
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே
'பூஜையில கரடி வரும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்' என்றார்.

எட்டு மாதம்
பிடோக்கில் பதினான்கு மாடியை ஸ்கீ பூட்ஸோடு ஏறி இறங்கி
கீழ்வீட்டு மிஸஸ் கோவிடமிருந்து
இரண்டு புகார்க் கடிதம் பெற்றவர்கள் நாங்கள்.
எங்கள் மொழியில் புல்நுனியில் நிற்பதும் பனி,
ஆளை விழுங்குவதும் பனி.
பழைய வழக்கில் நடுக்கத்துக்கும் அதே சொல்.

தொடங்கு என்கிறேன். கடிகாரத்தை அழுத்துகிறேன்.

நாற்பது. முப்பத்திரண்டு. முப்பத்தாறு.
திரும்புகிறான். இருபது.
அப்போதுதான் அந்த மனிதர்,
உலோகம் தேடும் கருவி, காதில் ஹெட்ஃபோன்,
நேராக எங்கள் சரிவின் குறுக்கே நடந்து வருகிறார்.
எண்கள் பித்துப் பிடித்து ஆடுகின்றன.

அங்கிள், கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.
ஏன், நீ என்ன தொலைத்தாய்? மோதிரமா?
என் மனைவியை.

அவர் என்னைப் பார்க்கிறார்.
நான் பத்தடி தள்ளி, தொப்பி போட்டு,
உயிரோடு நிற்கிறேன்.
ஒன்றும் கேட்காமல் அணைத்துவிட்டார்.

ஒன்பது நிமிடம். பதினொன்று.
அவன் மண்டியிட்டுக் கோலைக் குத்துகிறான்,
மணல், மணல், வேர்.
இந்தக் கரையே கொட்டி நிரப்பிய மண்தான்,
அடுக்கின்மேல் அடுக்கு.
எந்த அடுக்கு பலவீனம் என்று
இத்தனை வருடம் மிதிவண்டி ஓட்டியும் நான் கேட்டதில்லை.
பதினைந்து தாண்டுகிறது.
பயிற்சிப் புத்தகத்தில் அந்தக் கோடு
எங்கே செங்குத்தாக விழத் தொடங்குமென்று
இருவருக்கும் தெரியும்.

பதினேழு நிமிடம், நாற்பது வினாடி.
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.
நனைந்த மணல், கனம் அதிகம் என்றேன்.
அந்தக் கருவி வேறு என்றேன்.
டேப்பில் ஒட்டிய மணலை
ஒவ்வொன்றாய் நகத்தால் எடுக்கிறான்.

பிறகு கைப்பேசியைக் கேட்டு வாங்கி
வழிகாட்டிக்கு எழுதினான்:
வடசரிவு வேண்டாம்.
முப்பது டிகிரிக்குக் கீழே மட்டும்.

முப்பது டிகிரிக்குக் கீழே!
இந்த ஊரில் அதற்காக வருடம் முழுக்க
வேண்டிக்கொள்கிறோம்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை,
கொஞ்சம் கழித்து வந்தது.

அங்கிள் இன்னும் போகவில்லை.
ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கி
மண்வெட்டிக்குக் கை நீட்டுகிறார்:
இந்தத் தடவை நான் புதைக்கிறேன்.
அவள் தேடட்டும்.

நித்திலன் தன் பீக்கனைக் கழற்றிக் கொடுக்கிறான்.
நான் தென்னை மரத்தடிக்குப் போய்
முதுகைத் திருப்புகிறேன்.
பின்னால் மண் விழும் ஓசை.
யாரோ பையை நகர்த்த
மணி ஒருமுறை அடிக்கிறது.