முப்பதாவது வினாடி

ஐம்பத்திரண்டு பாகை.
தட்டு சூடேறியதும் பச்சை விளக்கு எரியும்.
வாலடியில் பிடித்துக் கண்ணாடி உருளைக்குள் இறக்கிவிட்டு
நிறுத்தற் கடிகாரத்தை அமுக்குவேன்.
பின்னங்காலை நக்கினால் நிறுத்து.
துள்ளினால் நிறுத்து.
இரண்டும் இல்லையென்றால்
முப்பதாவது வினாடியில் எடுத்துவிடு.

ஜன்னலுக்கு வெளியே கோணேசபுரிக் கடல்
வெயிலில் தகரம் மாதிரிக் கிடக்கிறது.

எந்த எலிக்கு எந்த ஊசி என்று
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
ஒரு கூட்டத்துக்குச் சும்மா புரதம்,
மற்றதற்கு அது.
எதுவெது என்ற தாள்
கலாநிதி யசோதராவின் லாச்சியில், ஒட்டிய உறைக்குள்.

அது என்றால் இதுதான்:
நரம்பு தன் வலிக்குத் தானே சுரக்கும் மருந்தொன்று உண்டு.
ஐந்தே மணி கோர்த்த சரம்.
சில நிமிடத்தில் அறுந்து போகும்.
அந்தச் சரத்தைச் சவர்க்காரத்தில் அழுத்தினால் ஒரு பள்ளம்.
பள்ளத்தில் மெழுகு ஊற்றினால் மறுபடி ஒரு மேடு.
கள்ளச்சாவி வெட்டுகிறவனின் வித்தை.
பள்ளம், முதல் பிறபொருளெதிரி.
அதற்கு எதிராக எழுந்த இரண்டாவது, மேடு.
சரத்தின் சாயல் அப்படியே,
ஆனால் இருநூறு மடங்கு கனத்து
வாரக்கணக்கில் இரத்தத்தில் உலவும்.

பாடப்புத்தகம் வைத்த பெயரை நினைத்துப் பார்க்கிறேன்.
பிறபொருளுக்கு எதிரி.
இதுவோ சொந்தப் பொருளின் முகம் பூண்டு
வலியின் பூட்டில் போய் உட்காருகிறது.
எதிரிக்கு எதிரி உறவாவதை
இந்த ஊரில் நாங்கள் கண்டிருக்கிறோம்,
அது எத்தனை வாரம் நீடிக்கும் என்பதையும்.

எட்டு வினாடி. ஒன்பது. ஏழரை.
பதினேழாம் இலக்கம், இடது காதில் இரண்டு துளை:
பதினெட்டு, இருபத்திரண்டு,
மீசையைத் துடைக்கிறது,
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
எடுத்துவிட்டேன்.
யசோதரா மிஸ் கதவுக் கண்ணாடிக்குள்ளால் சிரித்தார்.
நான் அதன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
ரோசா நிறம்.
கொஞ்சம் கூடுதலான ரோசா.

ஞாயிறு, கன்னியாவுக்குப் போனோம்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
நான் வாளியை இழுத்து ஊற்ற ஊற்ற
இது பரவாயில்லை, இது கூட, இது அம்மாடி.
குகராஜ் சொன்னான்
எல்லாம் ஒரே தண்ணிதான், ஏன் கத்துறாய்.
அவனுக்குச் சீனி வருத்தம், பதினோராம் வருடம்.
முழங்காலுக்குக் கீழிருந்து கடிதம் வருவதில்லை.

அனுராதபுரச் சந்தியில் பெற்றோல் அடித்தோம்.
கடற்கரை வீதியில் ஒரு புள்ளிமான்
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு வழிவிட மறுத்தது.
ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தான்,
கால் எங்கே இருக்கிறதென்று பாராமல்.

இரவு சாரத்தை உயர்த்தியபோது கண்டேன்.
வலது கணுக்காலில்
ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். சைலன்சர்.
"எப்ப சுட்டது?"
"எது?"

திங்கட்கிழமை உறை பிரித்தார்கள்.
பதினேழு நான் நினைத்த கூட்டத்தில்தான்.
அதே கூட்டத்தில் பதினொன்று
ஆறாம் வினாடியில் துள்ளியிருந்தது,
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
ஆனாலும் சராசரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது.
பற்றிஸும் பிளேன்ரீயும் வாங்கினார்கள்.
நானும் இரண்டு தின்றேன்.

ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றேன்.
ஏற்கனவே இருக்கு பார் என்று
செய்முறைப் பகுதியைக் காட்டினார் மிஸ்:
'திசு வேகாதிருக்கும்பொருட்டு
முப்பது வினாடியில் விலங்கு அகற்றப்பட்டது.'
வலிக்காத காலும் வேகும் என்பதை
இதைவிட ஒழுங்காக எழுத எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் அவன் தூங்கியபின்
டோர்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கிறேன்,
விரலிடுக்கு, குதி, கொப்புளம் ஆறிய வட்டம்.
சுண்டுவிரலுக்கு வரும்போதுதான்
நான் எண்ணிக்கொண்டிருப்பது தெரிகிறது:
இருபத்தாறு, இருபத்தேழு.