ட்யூட்டி இல்லாத கடிகாரங்கள்

பிரசவ வார்டில் என் வாட்ச்
மார்பில் ஊக்கு குத்தித் தொங்கும்,
எனக்கு நேராக, மற்றவர்களுக்குத் தலைகீழாக.
பேட்டரி போட்டது. பொய் சொல்லாது.
தலை வந்ததும் ஒரு பார்வை,
அழுததும் ஒரு பார்வை.
நாலு பதினேழா, நாலு பதினெட்டா சிஸ்டர்?
கதவுக்கு வெளியே மாமனார்,
காதில் போன், மறுமுனையில் ஜோசியர்.
ஒரு நிமிஷம் பிசகினால் லக்னம் மாறிவிடுமாம்.
முப்பது வருஷம் கழித்து
யாருடைய கல்யாணமோ
என் கண் பிசகியதால் தட்டிப்போகும்.

வீடு டானிங்டனுக்குக் கீழே.
செருப்பைக் கழற்றும் முன்
மார்பிலிருந்து அதைக் கழற்றுகிறேன்.
பிறகு பீரோ, இரண்டாம் தட்டு,
ஸ்வெட்டர்களுக்கு அடியில் பிஸ்கட் டின்.

பதினான்கு.
பதினான்கும் பதினான்கு நேரம் சொல்லும்.
ஒன்று ஆறரை, ஒன்று பன்னிரண்டேகால்,
ஒன்று எந்தச் செவ்வாய்க்கிழமையிலோ
இறங்கி நின்றுவிட்டது.
இவற்றில் எதிலும்
யாரும் பிறந்தாக வேண்டியதில்லை.

எல்லாம் சாவி கொடுப்பவை. எல்லாம் ஆம்பிளை வாட்ச்.
பொம்பளை வாட்சில் முள் எறும்பின் கால் மாதிரி;
எனக்கு முகம் பெரிதாக இருக்க வேண்டும்.
எத்தனை கை உனக்கு என்றார் ஸ்டீபன்,
மூன்றாவதை வாங்கியபோது.
ஏழாவதுக்குப் பிறகு கேட்பதில்லை.
போன மாதம் அவரே ஒன்று கொண்டுவந்தார்,
மேட்டுப்பாளையம் காயலாங்கடையில்
பித்தளைத் தாழ்ப்பாளோடு சேர்த்து
எடைக்குக் கொடுத்தானாம்.

ஜூலையில் கண்ணாடிக்குள் மஞ்சு ஏறும்.
அரவேணு தெரியாத நாளில்
எட்டும் தெரியாது, ஒன்பதும் தெரியாது.
துடைத்தால் போகாது, உள்ளே அல்லவா இருக்கிறது.
அரிசி டப்பாவில் புதைத்து வைப்பேன்.
ஒருமுறை மறந்து
உலையில் போடப் பார்த்தேன்.

ஒன்றில் கிழமை இந்தியில் வரும்.
அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது ஏழே ஏழு சொல்,
அதுவும் நைட் ட்யூட்டி இல்லாத இரவுகளில்
தூக்கம் வராமல் கிடந்து
ஒன்று நழுவி இன்னொன்று ஏறுவதைப் பார்த்துப் படித்தது.

சாவி கொடுக்கையில் விரலுக்குள் ஒரு நறநறப்பு.
முதலில் தளர்ச்சி, பிறகு சம்மதம்,
பிறகு, போதும் என்று ஒரு தடை.
அந்தப் போதுமைக் கேட்டு நிறுத்துகிறேனே,
அங்கேதான் இருக்கிறது என் சந்தோஷம் மொத்தமும்.
வார்டில்
போதும் போதும் என்று கத்துகிறவர்களிடம்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் முக்கு
என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதினோராவதின் முதுகில் எழுத்து இருக்கிறது:
ஹெச். போஜன். பணி நிறைவு. 31.5.88.
குன்னூரில் நானூறு ரூபாய்.
ஒரு நாள் மனசு கேட்காமல்
அதையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்,
ஸ்வெட்டர் கைக்குள் மறைத்து.
கை கழுவக் கழற்றி
வராந்தா மேசையில் கவிழ்த்து வைத்தபோது
மகளைச் சேர்த்துவிட்டு நின்றவர் குனிந்து படித்தார்.
இன்னொரு தரம் படித்தார்.
எங்கப்பா பேரு, சிஸ்டர்.

எனக்கு உயிரே இல்லை.
எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.
காதில் வைத்துக் கேட்டார். அசைத்தார். மறுபடியும் கேட்டார்.
இது ஓடுமா?
ஓடும். கொஞ்சம் மெதுவாக.
அவர் இதைக் கட்டினதே இல்லைங்க.
போய்ட்டு வான்னு அனுப்பும்போது கொடுத்தாங்க,
அந்தக் கோபம் சாகிற வரைக்கும் இருந்துச்சு.
பீரோவில் கிடந்தது, எப்போ போச்சுன்னே தெரியாது.
நீங்களே வெச்சுக்குங்க.
மேசையில் வைத்தார், இந்த முறை நிமிர்த்தி.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போனேன்.
பெண் குழந்தை. மார்பில் இரண்டு நாற்பது.
அதைத்தான் எழுதினேன், அதுதான் சரி.
வெளியே வந்தால்
மேசையில் போஜன் இரண்டு பத்தில் இருந்தார்,
கொள்ளுப்பேத்தி பிறக்க
இன்னும் அரைமணி நேரம்
கையில் வைத்துக்கொண்டு.