நான்கு டிகிரி

தார்த்து நகரில் இன்றிரவும் பனி.
குளிரறைக் கதவில் நான்கு என்று எரிகிறது எண்.
எலிகளை ஒவ்வொன்றாய்த் தராசில் வைக்கிறேன்.
இருபத்தேழு கிராம். இருபத்தாறரை.
வால் மட்டும் சில்லென்று
கையுறைக்குள் வழுக்குகிறது.

இவற்றின் தாயெலிகள்
சுமந்திருந்த நாட்களில் குடித்த நீரில்
தைராய்டுச் சுரப்பு ஒரு துளி கூடுதல்.
அவ்வளவுதான் நடந்தது.
தனக்கென்று கழுத்தே முளைக்காத ஒன்றுக்கு
வேறொருத்தியின் கழுத்திலிருந்து
சேதி போயிற்று:
எரி, இந்த அளவு எரி.

மாதங்கள் போய்விட்டன.
தாய் இல்லை, துளியும் இல்லை.
ஆனாலும் வெப்பக் கேமராவின் திரையில்
தோள்பட்டைகளுக்கு நடுவே
ஊதிவிட்ட கங்காய்ச் சிவக்கிறது
பழுப்புக் கொழுப்பு.
சர்க்கரை கொடுத்தால்
பசித்த அடுப்பு சுள்ளியைத் தின்பதுபோல்
ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கிறது.

பதிவேட்டில் எழுதுகிறேன்: ஆண் குட்டிகளில்.
பெண் குட்டிகளில் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த இரண்டாம் வரி வரும்போதெல்லாம்
ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறேன்.

நான் பிறந்தது ஓம்ஸ்க் அருகே, ஐம்பத்திரண்டில்,
நாடு கடத்தப்பட்டவர்களின் குடிசை வரிசையில்.
அம்மா லெய்டா
சாரமா தீவில் மீன் தின்று வளர்ந்தவள்.
ரயில் அவளைக் கடலிலிருந்து
மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இறக்கியது.
அங்கே மண்ணும் கடலை அறியாது
உப்பும் கடலை அறியாது.
இருக்கிற ஒரே புகைப்படத்தில்
மாட்டுக்குத் தவிடு கலக்குகிறாள்,
நல்ல கோடையில், கழுத்தில் சால்வையோடு.
சால்வைக்குள் ஒரு கோழிமுட்டை இருந்ததாம்.
படத்தில் தெரியவில்லை.

என்னைச் சுமந்தபோது
அந்தக் கழுத்து என்ன சொல்லியிருக்கும்?
கொஞ்சமாய் எரி.
விறகு இல்லை மகளே, மெல்ல எரி.

ஜூலையிலும் எனக்குக் கம்பளிக் காலுறை வேண்டும்.
ட்ரீனு சிரிக்கிறாள்
(இந்த ஆய்வு அவளுடையது, வயது இருபத்தொன்பது):
"எலி வேறு, மனுஷி வேறு, உர்வே.
உனக்கு ரத்தம் குறைவு, உன் வீட்டு ஜன்னல் பழசு.
எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டாதே."

கட்டவில்லை.
அவள் தலையில் ஏற்கெனவே நிறைய இருந்தது.
கேட்கத்தான் செய்கிறேன்,
கேட்க எலியைத் தவிர ஆள் இல்லாததால்.

பதினான்காம் எண். பெண்.
பத்தொன்பது கிராம், முப்பத்தைந்து புள்ளி எட்டு டிகிரி.
உள்ளங்கையில் அதிகநேரம் வைத்திருக்கக் கூடாது,
என் சூடு அதன் கணக்கில் ஏறிவிடும்.
கூண்டில் விட்டேன்.
பஞ்சைக் குவித்து அதற்குள் புகுந்துகொண்டது.

குறிப்பு என்ற கட்டத்தில்
நடுங்குகிறது என்று எழுதினேன்.
காலையில் ட்ரீனு அழித்துவிடுவாள்.
அது அளவு இல்லையாம்.