இரண்டு தூண்களுக்கு நடுவே

ரூவியில் இரவு ஒன்றரை.
மீட்டரில் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்
கூடியிருக்கிறது.
எஞ்சினை அணைக்க மனமில்லை.
அணைத்தால் பயணம் முடிந்துவிடும் என்பதால் அல்ல,
ஏசி போய்விடும்.

ஒரு முடிவெடுக்கத்தான் கிளம்பினேன்.
லேபில் பல்வலி என்று லீவு சொன்னேன்.
பல் கட்டுகிற இடத்தில்
அதைவிட அசட்டுப் பொய் இருக்க முடியாது.
டாக்டர் சூசம்மா வாயைத் திற என்றிருந்தால்
அங்கேயே முடிந்திருக்கும்.

பாலையில் தனியாக ஓட்டினால்
யோசனை தானாக வரும் என்றார்கள்.
ஆதம் தாண்டி ஹைமா வரைக்கும்
நான் யோசித்ததெல்லாம்
அடுத்த பங்க் எப்போது,
அங்கே பெண்களுக்குக் கழிப்பறை உண்டா,
உண்டென்றால் தாழ்ப்பாள் உண்டா.

ஒட்டகத்துக்குப் பயப்படச் சொல்லியிருந்தார்கள்.
நான் பயந்தது சாலையின் நேர்கோட்டுக்கு.
வளைவு வந்தால் "பாத்து" என்பார் சேரலாதன்,
பக்கத்து சீட்டிலிருந்து,
இல்லாத பிரேக்கை மிதித்தபடி.
இப்போது கரூரிலிருந்து
"போதும், வந்துடு" என்கிறார்.
அந்தச் சாலையில் வளைவே இல்லை.
பாத்து என்று சொல்ல
எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஹைமாவில் விடுதிப் பையன் கேட்டான், எத்தனை பேர்?
வாஹித் என்றேன்.
வஹ்தா என்று திருத்தினான், சிரிக்காமல்.
ஒருவர் இல்லையாம், ஒருத்தி.
பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் அரபி பேசுகிறேன்,
என்னை எண்ணிச் சொல்ல வேண்டிய அவசியம்
அதுவரை வந்ததில்லை.

சலாலா எப்படி என்று நாளைக்குக் கேட்பார்கள்.
சாரல். இளநீர். குடை பிடித்த கூட்டம்.
அரை நாளில் கடற்கரை வழியாகத் திரும்பிவிட்டேன்.

லக்பிக்கு அருகே, படம் எடுக்கலாமே என்று
தாரிலிருந்து நான்கு அடி இறங்கினேன்.
மிதிக்க மிதிக்க யாரிஸ் உட்கார்ந்தது
மடியை விட்டு இறங்காத குழந்தை மாதிரி.
ஒரு மணி நேரம்.
அழுதேன், கொஞ்சம்.
பிறகு சப்பாத்தியை எடுத்துச் சாப்பிட்டேன்.

பிக்கப்பில் வந்தவர் பெயர் முசல்லம்.
பின்னால் ஐஸ் மேல் இரண்டு சுறா.
கயிறு போடுவார் என்று பார்த்தால்
குந்தி உட்கார்ந்து
என் டயர்களின் காற்றைத் திறந்துவிட்டார்.
நான்கிலும்.
உஸ்ஸென்று முக்கால்வாசி போகும்வரை
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இப்போ எடு. ஷ்வய்யா, ஷ்வய்யா."
வண்டி எழுந்து நடந்தது.

இதில் ஒரு தத்துவம் இருக்கிறது
என்று ஒரு கணம் தோன்றியது.
சுறா வாடையில் பறந்துவிட்டது.

காற்றடிக்கும் கடை வரை நாற்பதைத் தாண்டாதே என்றார்.
தாண்டவில்லை.
லாரிகள் திட்டிக்கொண்டே கடந்தன.
அந்த நாற்பதில்தான் தெரிந்தது
காலையிலிருந்து என் வலப்பக்கம்
கடல் இருந்திருக்கிறது.

டுக்முக்கு இப்பால் என்னையே கேட்டேன், சத்தமாக:
சரி, என்ன முடிவு?
"தெரியல" என்றேன், அதையும் சத்தமாக.
ஏன் தெரியல என்று
யாரும் கேட்கவில்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.
இவ்வளவு லேசான சொல்லா அது?
இத்தனை வருஷமும் அதற்குப் பதிலாக
எத்தனை பதில்கள் சொல்லியிருக்கிறேன்.

அவ்வளவுதான் கொண்டுவந்தது.
மிதியடி முழுக்க மணல்,
மெக்கானிக் பார்க்க வேண்டிய ஒரு சத்தம்,
வலது முழங்கை மட்டும் கறுத்த கறுப்பு.
இல்லை, இடது. ஜன்னல் இடப்பக்கம்.
தூக்கம் வருகிறது.

வாட்ச்மேன் முஸ்தபிசூர் நாற்காலியில் தூங்குகிறார்.
மிச்சமிருக்கும் ஒரே இடம்
இரண்டு தூண்களுக்கு நடுவே.
லைசென்ஸ் டெஸ்டில்
டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுக்கத் தெரியாமல்
நான்கு முறை தோற்றவள் நான்.
ரிவர்ஸ் போட்டேன்.
ஷ்வய்யா.
ஒரே மூச்சில் உள்ளே போயிற்று.

பார்க்க ஒருவரும் இல்லை.
இறங்கி, சுற்றி வந்து,
இரண்டு பக்கமும்
நானே பார்த்தேன்.