கால் சுற்று

ஜெஸிந்தா டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
மேலண்ணத்தின் நடுவே ஒரு கோட்டைக் காட்டினார்.
"இது தையல். பதினொரு வயசுதானே,
இன்னும் இறுகலை. பிரிச்சு அகலமாக்கலாம்."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
பதினாறு வருஷமாய் ரவிக்கை தைக்கிறேன்.
வளரும் பிள்ளைக்கு உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத் தைப்பதும்
அடுத்த தீபாவளிக்குப் பிரித்துக் கொடுப்பதும் என் பிழைப்பு.
எலும்பில் அப்படி விட்டுத் தைத்தது யாரென்றுதான்
தெரியவில்லை.

குழலி வாயால் மூச்சு விடுகிறவள்.
மூக்குக்குப் பின்னால் சதை, மாசத்துக்கொரு சளி.
நாக்கு மேலே போய் ஒட்டாமல் கீழேயே படுத்திருக்க
கன்னங்கள் இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்தி
மேல்தாடை ஒடுங்கிப்போச்சாம்.
கோரைப்பற்களுக்கு நிற்க இடமில்லை,
ஈறுக்கு மேலே தொங்கின,
தேவகோட்டை கடைசி பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி.

முதலில் பார்த்த டாக்டர் வேறு சொன்னார்.
நாலு பல்லை எடுத்துவிட்டால் மீதி வரிசைக்கு வரும்.
அதுவும் வைத்தியம்தான். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்,
பதினைந்து வயதில், மதுரையில்.
வரிசைக்கு ஒரு குறையும் இல்லை.
என் கல்யாணச் சிரிப்பை ஸ்டூடியோக்காரர்
ரெண்டு வருஷம் ஷோகேஸில் வைத்திருந்தார்.
ஜெஸிந்தா டாக்டரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை.
"ஒவ்வொரு வாய்க்கும் ஒரு அளவு" என்றார்,
நான் கஸ்டமரிடம் சொல்வதைப் போலவே.

இப்போது அவள் அண்ணத்தில் ஓர் எஃகுச் சிலந்தி.
அதன் வயிற்றில் திருகாணி.
அதற்கொரு கம்பிச் சாவி, கோணி ஊசியைவிட மெல்லிசு.
ராத்திரிக்கு ஒரு கால் சுற்று. கால் மில்லிமீட்டர்.
லாரிச் சக்கரத்தின் நட்டை ஒற்றைக் கையால் கழற்றுகிற சேவுகன்
முதல் நாளே வேர்த்துப்போய்ச் சாவியை என்னிடம் நீட்டிவிட்டார்.
போன் டார்ச்சை மட்டும் பிடிப்பார்,
முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாய்த் தள்ள வேண்டும்.
அடுத்த துளை கண்ணில் பட்டால் சரி.
குழலி பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்வாள்.
வலியில்லை,
"மூக்கு வேரில யாரோ பீரோவ நகர்த்துற மாதிரி" என்றாள்.

இரும்பு வந்த நாளிலிருந்து
நாக்குக்கு மேலே வளைய இடமில்லை.
மழை மயையாகிவிட்டது. பழம், பயம்.
தமிழ் வகுப்பில் எழுந்து "குயலி" என்றதில்
பெஞ்சு மொத்தமும் சிரித்ததாம்.
"எனக்கு வாயைப்பயம் வேணும்" என்று
வீட்டில் அவளே நடித்துக் காட்டினாள்.
அப்புறம் அறைக்குள் போய்
ரொம்ப நேரம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது.
பதினாலாம் நாள் தீக்குச்சி நுழையும் அகலம்.
பள்ளத்தூரிலிருந்து வந்த நாத்தனார் பார்த்துவிட்டு,
"பணத்தக் கட்டி ஓட்டை வாங்கியிருக்கீக" என்றாள்.
எலும்பு நகர்ந்ததற்கு
என் கையில் வேறு ரசீது இல்லை.

இருபத்தெட்டு ராத்திரி,
காலண்டரில் டெய்லர் சாக்கால் இருபத்தெட்டுக் கோடு.
இனி ஆறு மாசம் தொடக்கூடாது,
திறந்த இடத்தில் எலும்பு ஊறி நிறைய வேண்டும்.
மூச்சும் மாறிவிடுமா என்று கேட்டேன்.
"சொல்ல முடியாது. சிலருக்கு லேசாகும்.
காது மூக்கு டாக்டரையும் பாருங்க."
கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே,
"எனக்கு?" என்றேன்.
வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை.
"உங்களுக்கு இறுகிருச்சும்மா.
இனி சாவிக்கு மசியாது, கத்திதான்."

நேற்று அவள் தூங்கும்போது உதடுகள் சேர்ந்திருந்தன.
மெஷினை மிதிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஒரு மணி வரைக்கும்.
இன்று மழை, மூக்கடைப்பு.
வாய் பழையபடி திறந்து கிடக்கிறது, சந்து தெரிய.

பள்ளிக்கூட பிளவுஸ் வெட்டுகிறேன்.
எப்போதும்போல ஒன்றரை இஞ்ச் விட்டு.
நாக்கு நுனி தானாகப் போய் என் மேலண்ணத்தைத் தடவுகிறது.
முன்னிருந்து பின்னாக ஒரு சின்ன மேடு,
இஸ்திரி போட்டு அமுக்கிய மடிப்பு.