பதினான்காம் கேள்வி

மூலத்தில் கழுத்து என்று இருந்தது.
நான் வாய் என்று எழுதினேன்: கருப்பை வாய்.
அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்
ஜூரோங் வெஸ்ட் திரு. அருமைநாயகம்.
மூலத்தை அவர் கண்ணில் காட்டக்கூடாது என்பது விதி.
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
எந்த வாய்?

ஈசூன் பலதுறை மருந்தகம்.
ஊசி போட்ட குழந்தைகள் அழுது முடிக்கும் அறைக்கு
அடுத்த அறை எங்களுக்கு.
முப்பது பெண்கள் வேண்டும்.
ஆளுக்குப் பத்து வெள்ளிப் பற்றுச்சீட்டு.

'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்' என்பதைப்
பிலோமினா நான்கு முறை படித்தார்.
"எங்க மாமியார் பேசுனா நான் செய்யறது இதுதான்."
ஹபீபா நாச்சியார் எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டார்,
அட்டவணை முழுவதும், ஒரே கோடாக.
ஏன் என்றேன்.
"இல்லைன்னு போட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமே."

பதினான்கு:
பலருடன் உடலுறவு கொள்வது
இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும்.
சரி. தவறு. தெரியாது.

பத்தொன்பது பேர் 'தவறு'.
பத்தொன்பது பூஜ்யம்.
இந்தப் பெண்களுக்கு இது தெரியவில்லை என்று
குறிப்பெழுதப் போனவள்
இருபதாவது ஆளிடம் மெதுவாகக் கேட்டேன்,
எப்படித் தவறு?
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
"தவறுதானேம்மா அது?"

அன்றிரவே மாற்றினேன்.
உண்மை. உண்மையல்ல. தெரியாது.

மறுநாள் சுகிர்தமணி.
செம்பவாங்கில் உணவங்காடியில் தட்டுக் கழுவுகிறவர்,
விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.
பேனாவை மூடினார். திறந்தார்.
"யாருன்னு போடலையே."
எதில்?
"பலரோட. யாரு பலரோட?"

தமிழ் எழுவாயை விட்டுவிட்டும் நடக்கும்.
நானும் விட்டுவிட்டேன்,
நல்ல நடை என்றுகூட நினைத்திருந்தேன்.

"அவரு போனா எனக்கு வருமா?"

விடை சொல்லக்கூடாது.
கையேட்டில் மூன்றாம் விதி, தடித்த எழுத்தில்,
நானே மொழிபெயர்த்தது.
உங்களுக்குத் தோன்றுவதைக் குறியுங்கள் என்றேன்.
என் குரல் எனக்கே
மின்தூக்கி அறிவிப்பைப் போல் இருந்தது.
அவர் 'தெரியாது' போட்டார்.
அழுத்தியதில் தாள் கிழிந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகள், அதே பெண்கள்.
விடைகள் மாறாமல் இருந்தால்தான்
வினாத்தாளை நம்பலாம்.
சுகிர்தமணிக்கு ஒன்பது விடை மாறியிருந்தது.
அன்று கீழே இறங்கியதும்
தாதியிடம் நேராகக் கேட்டாராம்.
கேட்ட கையோடு பரிசோதனைக்கும் நாள் குறித்துவிட்டாராம்.
"வலிக்கல. குளிருச்சு, அவ்வளவுதான்."
கணவரைப் பற்றி
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

கெல்வின் ஓங் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.
இந்த ஒரு வரிசையால் எண் இறங்குகிறது.
இவரை நீக்கலாமா?

வேண்டாம் என்றேன். ஏன் என்றார்.
புள்ளியியலில் அதற்கு என்னிடம் சொல் இல்லை.

இறுதிப் படிவத்தில் பதினான்கு நீளமாகிவிட்டது:
ஒரு பெண்ணோ அவருடைய கணவரோ
வேறு பலருடன் உடலுறவு கொண்டிருந்தால்
அந்தப் பெண்ணுக்கு.
கணவர் மூலத்தில் இல்லை என்று
குழு சிவப்பில் வட்டமிட்டது.
தெரியும் என்று பதில் எழுதினேன்.

திரு. அருமைநாயகம் திருப்பி அனுப்பிய தாளில்
இந்த முறை ஓரம் வெறுமையாக இருந்தது.