கம்பக் கணக்கு

காலையில் என்னை எழுப்புவது இடுப்பு.
அலாரம் நாலரைக்கு, அது நாலே காலுக்கு.
கட்டிலைவிட்டு இறங்க ஒரு வழி வைத்திருக்கிறேன்:
வலப்பக்கம் புரண்டு, முழங்கை ஊன்றி,
கால்களைத் தொங்கவிட்டு,
சுவரைப் பிடித்தபடி ஒரு கெட்ட வார்த்தை.
அப்புறம் தரை.

ஓய்வு கேட்கிற நோயில்லை இது.
படுத்தால் பிடிக்கும், நடந்தால் விடும்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா
படத்தை வெளிச்சத்தில் மாட்டிச் சொன்னார்:
"எலும்போட எலும்பு ஒட்டப் பாக்குது.
அசைக்காம விட்டா ஒரே கம்பமா நின்னுரும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினாறு வருஷம் கம்பம் ஏறினவன் நான்,
லைன்மேன்.
இப்போது கவுண்டரில் பில் போடுகிறேன்,
அரைமணிக்கொரு தரம் எழுந்து நின்று.
வரிசையில் இருப்பவர்கள்
மரியாதை தெரிந்த ஆள் என்று நினைக்கிறார்கள்.

நடைக்குக் குறுக்குத்துறை ரோடு.
மற்றவர்கள் போனில் அடி எண்ணுவார்கள்,
எனக்குக் கம்பம்தான் கணக்கு.
முதல் நாள் இரண்டு.
மூன்றாவது, எப்போதோ ஒரு மழைக்குச் சாய்ந்ததை
நானும் பாதுஷாவும் கயிறு கட்டி நிமிர்த்தியது.
அதை எட்ட எட்டு நாள்.
ரயில்வே கேட்டுக்கு ஒன்பது வாரம்.
கேட் பூட்டியிருந்தால் சந்தோஷம்:
செங்கோட்டை வண்டிக்காக நிற்கிறேன்,
மூச்சுக்காக இல்லை.

மாசம் இரண்டு ஊசி.
பிரிட்ஜில் இட்லி மாவுக்கும் பிச்சிப்பூவுக்கும் நடுவில்
உலகம்மை அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறாள்.
ஒருநாள் மத்தியானம் மூணு மணி நேரம் கரண்ட் இல்லை.
ஊசி கெட்டுப்போகுமென்று
என் ஆபிசுக்கே போன் போட்டேன், எப்ப வரும்?
பாதுஷாதான் எடுத்தான்.
"ஒமக்குத் தெரியாதாவே? பாத்துக்கிட்டு இருக்கோம்."
பதினாறு வருஷம் நான் ஊருக்குச் சொன்ன பதில்.

கார்த்திகையில் ஆறு ஏறியது.
எனக்கும் ஏறியது. குதிகால், பிறகு இடது கண்
செக்கச்செவேலென்று.
மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டரம்மா.
இருக்கட்டும்.

குறுக்குத்துறையில் வெள்ளம் வருமுன்
உற்சவரைத் தூக்கி மேலக்கோயிலில் வைத்துவிடுவார்கள்.
மூலவர் உள்ளேயே இருப்பார், தண்ணீருக்கடியில்.
வடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கி
சேற்றை வாரிக் கொட்டிக் கழுவி
விளக்கேற்றுவார்கள்.
போன வருஷம் கழுவினதெல்லாம் வீணா என்று
ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் கேட்டேன்.
நாற்பத்துமூன்று கம்பம் போனவன்
தையில் மறுபடி இரண்டு.
இரண்டாவதில் கை வைத்து "சவம்" என்று ஏசினேன்.
பால்காரர் தன்னைத்தான் சொன்னேனென்று பிரேக் பிடித்தார்.
"பைய நடங்க அண்ணாச்சி" என்றுவிட்டுப் போனார்.
பைய. வேறெப்படி நடக்க?

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பாதுஷா வண்டியில் கூட்டிப் போனான்.
வாசற்படி உயரப் படிக்கட்டுகள்.
பக்கவாட்டில் இறங்கினேன், நண்டு மாதிரி.
நெஞ்சு வரை தண்ணீர் வந்ததும்
எடையை ஆறு வாங்கிக்கொண்டது.
கழுத்து அண்ணாந்து இரண்டு வருஷமாகிறது,
கம்பங்களில் பாதிக்குமேல் நான் பார்ப்பதில்லை.
மல்லாந்து மிதந்தேன்.

மேலே ஆற்றைத் தாண்டும் மூன்று கம்பி.
நடுவில் ஒரு மீன்கொத்தி.
கரையோரக் கம்பத்தின் உச்சியில்
இன்சுலேட்டர் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது.

"ஏலே, மேல பாரு" என்று கத்தினேன்.
கரையில் என் சட்டையோடு நின்றவன்
அண்ணாந்து பார்த்துவிட்டு,
"எத்தனாவது கம்பம்வே? எழுதணும்லா" என்றான்.
பெயிண்ட் நம்பர் வெள்ளத்தில் போயிருந்தது.
தெரியாது, இன்றைக்கு உன் வண்டியில் வந்துட்டேன்.
நடந்து வரும்போது எண்ணிச் சொல்லுதேன்.